டிரைவர் ஷாஃப்ட் தேர்வு: முதலில் எடை, அப்புறம்தான் ஃபிளெக்ஸ்

கோல்ஃபில் தூர அடிக்கு எடுக்கிற நீளமான கிளப் (மட்டை) டிரைவர், அதன் தண்டு ஷாஃப்ட், அந்தத் தண்டு எவ்வளவு விறைப்பு என்பது ஃபிளெக்ஸ். புது டிரைவர் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "எனக்கு ரெகுலர் சரியா, ஸ்டிஃப் சரியா?" என்னிடம் யார் இதைக் கேட்டாலும் நான் சொல்வது, அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், எத்தனை கிராம் ஷாஃப்ட் என்று முதலில் முடிவு செய்யுங்கள். எடை சரியாக அமைந்துவிட்டால் ஃபிளெக்ஸ் ஒரு படி முன்னே பின்னே இருந்தாலும் புல்லை ஒட்ட வெட்டிய நடுப்பாதையான ஃபேர்வேயில் ஆடிவிடலாம். எடை ஒத்துவராவிட்டால் எந்த எழுத்து அச்சடித்த ஷாஃப்டைப் போட்டாலும் ஒரு நாள் நன்றாக வரும், மறுநாள் எங்கே போகிறதென்றே தெரியாது.

இதற்கு ஒரு அடிப்படைக் காரணம் உண்டு. கிராம் என்பது கிராம்தான், தராசில் வைத்துப் பார்த்துவிடலாம். ஆனால் எல் (லேடீஸ்), ஏ (சீனியர்), ஆர் (ரெகுலர்), எஸ் (ஸ்டிஃப்), எக்ஸ் (எக்ஸ்ட்ரா ஸ்டிஃப்) என்று ஃபிளெக்ஸைப் போட்டிருக்கிறதே, அந்த எழுத்துகளுக்குத் தொழில் முழுமைக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் ஷாஃப்ட் எவ்வளவு வளைகிறது என்று தானே அளந்து தானே எழுத்து போட்டுக்கொள்கிறது. ஒருவருடைய ஆர், இன்னொருவருடைய எஸ் அளவுக்கு விறைப்பாக இருப்பது சாதாரணம். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கு வருகிற எஸ், அமெரிக்கச் சந்தையின் எஸ்ஸைவிட மென்மையாக இருப்பதைப் பலரும் கவனித்திருப்பீர்கள். புராஜெக்ட் எக்ஸ் என்ற ஷாஃப்ட் பிராண்ட் எழுத்துக்குப் பதிலாக 5.0, 5.5, 6.0, 6.5 என்று எண்களைப் போடுகிறது, ஃபுஜிகுரா நிறுவனம் சீனியர் வகையை ஆர்2 என்கிறது. இன்னொரு விஷயம், ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலில்கூட 50 கிராம் எஸ்ஸும் 60 கிராம் எஸ்ஸும் கையில் ஒன்றுபோல இருக்காது, கனமானது பெரும்பாலும் விறைப்பாகவும் இருக்கும். அதாவது எடையை மாற்றினாலே ஃபிளெக்ஸும் கொஞ்சம் சேர்ந்து மாறிவிடுகிறது. அதனால்தான் ஃபிளெக்ஸை முதலில் பூட்டிவிட்டு எடையைத் தேடுவது தலைகீழான வேலை.

எடை என்ன செய்கிறது

இப்போதைய டிரைவரின் தலை சுமார் 200 கிராம், கிரிப் சுமார் 50 கிராம். இவை இரண்டும் மாடலுக்கு மாடல் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது ஷாஃப்ட்தான்: 40 கிராமிலிருந்து 80 கிராம் வரை கிடைக்கிறது. எனவே முழு டிரைவரின் எடை 290 கிராமா 330 கிராமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஷாஃப்ட்.

ஒரு காலத்தில் இந்தத் தேர்வே இல்லை. டிரைவர் ஷாஃப்ட் என்றால் ஸ்டீல், 120 கிராமுக்கு மேல். 1970 வாக்கில் கிராஃபைட் ஷாஃப்ட் வந்தது, அது பரவலாக ஏற்கப்பட இன்னும் பல வருடங்கள் பிடித்தன. 2000ஆம் ஆண்டு டைகர் உட்ஸ் மேஜர் எனப்படும் பெரிய போட்டிகளை அள்ளிக்கொண்டிருந்தபோது அவர் டிரைவரில் இருந்தது ஸ்டீல் ஷாஃப்ட்தான், நீளமும் 43.5 அங்குலம்தான். இன்று கடையில் இருக்கிற டிரைவர் பெரும்பாலும் 45.5 அங்குலத்துக்குக் குறையாமல் வருகிறது, ஷாஃப்ட் 50 முதல் 60 கிராம். எடை குறையக் குறைய நீளம் கூடிக்கொண்டே போனது, ஏனென்றால் நீளத்தைக் கூட்டினால் வேகம் கூடும் என்று விளம்பரத்தில் சொல்ல முடிகிறது.

லேசான ஷாஃப்ட் போட்டால் வேகம் கூடுமா? சிலருக்குக் கூடும். பத்து கிராம் குறைத்தால் மணிக்கு ஓரிரு மைல் கிடைக்கலாம், நிறைய பேருக்கு எதுவும் கிடைப்பதில்லை, ஏனென்றால் வேகம் உடம்பிலிருந்து வருகிறது. எடை உண்மையில் மாற்றுவது வேறு இரண்டு விஷயங்களை. ஒன்று, மேலே போய் கீழே திரும்புகிற அந்த நொடியில் கிளப் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிகிறதா என்பது. இரண்டு, ஒவ்வொரு ஸ்விங்கிலும் பந்து, கிளப் தலையின் முகப்பான ஃபேஸில் ஒரே இடத்தில் படுகிறதா என்பது. கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது சட்டென்று புரியும், மட்டையை வாங்குமுன் தூக்கிப் பார்க்காமல் யாரும் வாங்கமாட்டார்கள்.

ஷாஃப்ட் உங்களுக்கு அளவுக்கு மீறி லேசாக இருந்தால் இப்படித் தெரியும்: டவுன்ஸ்விங்கை, அதாவது கிளப்பைக் கீழே இறக்குவதை, கையும் தோளும் அவசரமாகத் தொடங்கிவிடும், கிளப் வெளியே போய் உள்ளே வெட்டும், பந்து ஒருமுறை ஃபேஸின் ஷாஃப்ட் பக்கமான ஹீலில், ஒருமுறை மறுமுனையான டோவில் படும், தவறுகள் இடது வலது இரண்டு பக்கமும் வரும். கிளப் தலை எங்கே என்றே தெரியவில்லை என்று சொல்வீர்கள். அளவுக்கு மீறி கனமாக இருந்தால் தவறு பெரும்பாலும் ஒரே பக்கம், வலது கைக்காரருக்கு வலது பக்கம், பந்து தாழப் போகும், ஃபேஸைத் திருப்பிக் கொண்டுவர நேரம் போதாது. முதல் ஒன்பது ஹோல் நன்றாக அடித்துவிட்டு 14ஆவது ஹோலுக்கு மேல் டிரைவர் கைவிடுகிறது என்றால் எடையைச் சந்தேகப்படுங்கள். மே மாத வெயிலில் சென்னையில் ஆடுகிறவர்களுக்கு இது இன்னும் சீக்கிரமே தெரிந்துவிடும்.

வேகம் அதிகமாக இருப்பவர்தான் கனமான ஷாஃப்ட் போட வேண்டும் என்பதும் முழு உண்மை இல்லை. ஃபுஜிகுரா வென்டஸ் பிளாக் என்ற ஒரே ஷாஃப்ட் மாடலை முன்னணி தொழில்முறை ஆட்டக்காரர்களான ரோரி மக்கில்ராயும் ஸ்காட்டி ஷெஃப்லரும் நெடுநாள் ஆடியிருக்கிறார்கள். மக்கில்ராய் போட்டது 6எக்ஸ், அதாவது 60 கிராம் வகுப்பு. ஷெஃப்லர் போட்டது 7எக்ஸ், 70 கிராம் வகுப்பு. இருவரில் வேகமாகச் சுழற்றுகிறவர் மக்கில்ராய். லேசான ஷாஃப்ட் அவரிடம்தான் இருந்தது. வேகம் ஒரு தொடக்கப் புள்ளி, அவ்வளவுதான்.

உங்கள் எடையை எங்கே தொடங்குவது

முதலில் ஸ்விங் வேகம் தெரிய வேண்டும். டிராக்மேன், ஃபோர்சைட், ஃபிளைட்ஸ்கோப் மாதிரி, அடியை அளந்து எண்ணில் காட்டுகிற லாஞ்ச் மானிட்டர் இருக்கிற இடத்தில் அரை மணி நேரம் எடுத்தால் தெளிவாகத் தெரியும். அது முடியாவிட்டால், சமதளமான, காற்றில்லாத ஒரு ஹோலில் நீங்கள் நன்றாக அடித்த பந்து தரையில் முதலில் விழுகிற தூரத்தை யார்டில் எடுத்து 2.3ஆல் வகுத்துப் பாருங்கள், உத்தேச வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று கிடைக்கும். அந்தத் தூரம் (கேரி) 200 யார்டு என்றால் சுமார் 87 மைல். உருண்டுபோன தூரத்தைச் சேர்க்கக் கூடாது. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை அடித்த அடியை எடுத்துக்கொள்ளவும் கூடாது, வழக்கமாக வருகிற நல்ல அடி எதுவோ அதுதான் கணக்கு. ஊட்டியில் ஆடிய தூரத்தையும் எடுக்காதீர்கள், 7,000 அடிக்கு மேல் காற்று மெலிந்திருப்பதால் பந்து கூடுதலாகப் போகும்.

வேகம் 80 மைலுக்குக் கீழே என்றால் 40களில் தொடங்குங்கள். 80 முதல் 95 வரை இருப்பவர்களுக்கு 50களில் எங்கேயோ சரியாக அமையும். 95 முதல் 105 என்றால் 55இலிருந்து 65. அதற்கு மேல் 60களின் நடுவும் 70களும். இப்போது இந்த எண்ணை எடுத்துக்கொண்டு உங்கள் ஸ்விங்கைப் பாருங்கள், ஏனென்றால் இங்கேதான் விஷயமே இருக்கிறது. மேலே போய் ஒரு கணம் நின்று, நிதானமாக இறங்குகிறவரா, அல்லது மேலே போய்ச் சேருவதற்குள் இடுப்பு திரும்பிவிடுகிறதா? உங்களுக்கே தெரியாது என்றால் நண்பரை விட்டு போனில் ஸ்லோமோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். திரும்பும் வேகம் கடுமையாக இருப்பவருக்கு, மொத்த வேகம் 90தான் என்றாலும், 60 கிராம் நன்றாக ஒத்துவரும். அந்தக் கூடுதல் எடை அவசரத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கிறது. 100 மைல் வேகத்தோடு நிதானமாக ஆடுகிறவர் 55 கிராமில் சந்தோஷமாக இருப்பார்.

இன்னொரு நல்ல அளவு உங்கள் பையிலேயே இருக்கிறது: டிரைவரைவிடக் குட்டையான, உலோகத் தகடு மாதிரித் தலை கொண்ட அயர்ன் கிளப்பின் ஷாஃப்ட். டைனமிக் கோல்டு எஸ்300 மாதிரி 130 கிராம் ஸ்டீலில் அயர்ன் ஆடிக்கொண்டு டிரைவரில் 45 கிராம் போட்டால், ஏழாம் நம்பர் அயர்னிலிருந்து டிரைவருக்குக் கை மாறும்போது உடம்பு குழம்பிப்போகும். கறாரான விதி கிடையாது, ஆனால் அயர்ன் ஷாஃப்டில் பாதி எடை என்பதை நான் ஒரு உத்தேசக் கணக்காக வைத்திருக்கிறேன், நிறைய பேருக்கு அது அருகில் வந்து நிற்கிறது: 130 என்றால் 65, 100 என்றால் 50. அதேபோல டிரைவருக்கு அடுத்த நீளமான கிளப்பான மூன்றாம் நம்பர் வுட் டிரைவரைவிட ஐந்து பத்து கிராம் கூடுதலாகவும், வுட்டுக்கும் அயர்னுக்கும் இடைப்பட்ட ஹைபிரிட் அதற்கும் மேலாகவும் இருந்தால் பை முழுவதும் ஒரே கை உணர்வில் ஓடும். முழங்கை வலி, முதுகு வலி உள்ளவர்கள் இந்தக் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு லேசான பக்கம் போகலாம், வலியோடு சரியான ஸ்விங் வராது.

அதிகம் காசு செலவழிக்காமல் ஒரு சோதனை செய்யலாம், பலரும் இதைச் செய்வதில்லை என்பது எனக்கு வருத்தம். ஈய டேப் என்று கிடைக்கிறது, கோல்ஃப் சாமான் விற்கிறவர்களிடம் கேளுங்கள். அதை எட்டு பத்து கிராம் அளவுக்கு, கிளப் தலையில் ஒட்டாமல், ஷாஃப்டின் நடுப்பகுதியில் சுற்றி ஒட்டி, பயிற்சி எடுக்கிற ரேஞ்சில் அடித்துப் பாருங்கள். 50 கிராம் ஷாஃப்ட் 60 கிராம் ஷாஃப்டின் உணர்வுக்குப் பக்கத்தில் வந்துவிடும். பந்து படும் இடம் ஒழுங்குக்கு வருகிறதா, தவறுகள் ஒரு பக்கமாகக் குறுகுகிறதா என்று பாருங்கள். அப்படி நடந்தால் எந்தப் பக்கம் போவது என்று தெரிந்துவிட்டது. எதுவும் மாறவில்லை என்றால் இருக்கிற எடையே போதும், அந்தப் பணத்தை ஒரு நல்ல கோச்சிடம் கொடுக்கலாம்.

பெட்டியில் 60 என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். அது வகுப்பின் பெயர் மட்டும். ஒரே மாடலில் ஆர் 61 கிராமாகவும் எஸ் 64 கிராமாகவும் இருக்கும். அதுவும் வெட்டுவதற்கு முன், சுமார் 46 அங்குல முழு நீளத்தில் எடுத்த எடை. வெட்டிப் பொருத்தினால் ஓரிரு கிராம் குறையும். நிறுவனத்தின் பட்டியலில் சரியான எண் இருக்கும், அதைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

இப்போது ஃபிளெக்ஸ்

ஷாஃப்ட் சாட்டை மாதிரி வளைந்து பந்தைத் தள்ளிவிடுகிறது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நடப்பது அப்படி இல்லை. டவுன்ஸ்விங் தொடங்கும்போது கிளப் தலை பின்தங்கி ஷாஃப்ட் பின்னால் வளைகிறது. இறங்க இறங்க அது நிமிர்கிறது. பந்தை நெருங்கும்போது, தலையின் எடை மையம் ஷாஃப்டின் கோட்டுக்குப் பின்னால் இருப்பதால், சுழலும் விசை அந்த மையத்தை நேர்கோட்டுக்குக் கொண்டுவர இழுக்கிறது. அதனால் ஷாஃப்ட் முன்பக்கமாக வளைந்த நிலையில்தான் பந்தைத் தொடுகிறது. இந்த முன்வளைவு லாஃப்டை, அதாவது ஃபேஸ் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணத்தை, கொஞ்சம் கூட்டுகிறது, ஃபேஸைக் கொஞ்சம் மூடுகிறது. பந்தும் ஃபேஸும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் அரை மில்லி நொடிதான், அதற்குள் ஷாஃப்ட் புதிதாக எதுவும் செய்துவிட முடியாது.

அதனால் பொதுவாக, மென்மையான ஷாஃப்ட் என்றால் பந்து சற்று உயரமாக, வலது கைக்காரருக்கு சற்று இடதாக. விறைப்பானது என்றால் சற்று தாழ்வாக, வலதாக. "சற்று" என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு ஃபிளெக்ஸ் மாற்றினால், பந்து கிளம்புகிற லாஞ்ச் கோணத்தில் ஒரு டிகிரி மாறினாலே பெரிய விஷயம், சிலருக்குத் தலைகீழாகவும் நடக்கும். ஏனென்றால் ஷாஃப்ட் கையில் எப்படித் தெரிகிறதோ அதற்கேற்ப நம் உடம்பு ஸ்விங்கை மாற்றிக்கொள்கிறது. விறைப்பான ஷாஃப்ட் கையில் கிடைத்ததும் இன்னும் ஓங்கி அடிக்கப் பார்க்கிறவர்கள் உண்டு, மென்மையானதைப் பிடித்ததும் பயந்து ஃபேஸைத் திறந்து வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

தொடக்கப் புள்ளி வேண்டுமென்றால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 75 மைலுக்குக் கீழே எல், 85 வரை ஏ அல்லது சீனியர், 95 வரை ஆர், 105 வரை எஸ், அதற்கு மேல் எக்ஸ். இந்த எல்லைகளில் நிற்கிறவர்கள், அதாவது 93, 95, 97 என்று வருகிறவர்கள்தான் நம்மில் அதிகம், அவர்களுக்கு இந்தப் பட்டியல் எந்த உதவியும் செய்யாது. அங்கே மறுபடியும் திரும்பும் வேகத்தையும், மணிக்கட்டை எப்போது விடுகிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மணிக்கட்டின் மடிப்பைக் கடைசி வரை பிடித்து வைத்து விடுகிறவர் ஷாஃப்டை அதிகம் சோதிக்கிறார், அவருக்கு ஒரு படி விறைப்பு. பாதி வழியிலேயே மணிக்கட்டை விட்டுவிடுகிறவருக்கு, வேகம் 100 இருந்தாலும், ஆர் போதும். இங்கே பெருமை பார்க்கக் கூடாது. எஸ் என்று எழுதியிருந்தால்தான் கௌரவம் என்று நினைத்து வருடக்கணக்கில் வலது பக்கம் தாழ அடித்துக்கொண்டிருக்கிற ஆண்கள் எல்லா கிளப்பிலும் இருக்கிறார்கள்.

பெண்களுக்கு எல், அறுபது வயதுக்கு மேல் ஏ என்று கடைக்காரர் பார்த்தவுடன் எடுத்துக் கொடுப்பதையும் ஏற்காதீர்கள். தொழில்முறைப் பெண்கள் ஆடுகிற எல்பிஜிஏ டூரில் ஆட்டக்காரர்களின் சராசரி டிரைவர் வேகம் சுமார் 94 மைல், அது பல ஆண் கிளப் ஆட்டக்காரர்களின் வேகத்தைவிட அதிகம். ஆண்களின் பிஜிஏ டூரில் அது 113ஐத் தாண்டும். ஒருவருடைய ஷாஃப்டை அவருடைய வேகமும் ஸ்விங்கும்தான் சொல்ல வேண்டும், பிறந்த வருடம் சொல்லக் கூடாது.

எழுத்தைத் தாண்டி உண்மையான விறைப்பு தெரிய வேண்டுமென்றால் கிளப்பைப் பொருத்தித் தருகிற கிளப் பில்டரிடம் அதிர்வெண் அளக்கிற கருவி இருக்கும். கிரிப் பக்கத்தைப் பிடித்து இறுக்கி, முனையைத் தட்டிவிட்டால் நிமிடத்துக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று காட்டும். அதிக எண் என்றால் அதிக விறைப்பு. ஒரு ஃபிளெக்ஸுக்கும் அடுத்ததற்கும் சுமார் பத்து அதிர்வு வித்தியாசம் இருக்கும். பிடிக்கிற நீளத்தைப் பொறுத்து எண் மாறும் என்பதால், ஒரே கருவியில் அளந்த எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த பழைய டிரைவர் ஒன்று வீட்டில் இருந்தால் முதலில் அதை அளந்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு எண் எல்லா விளம்பரத்தையும்விடப் பயனுள்ளது.

டார்க், கிக் பாயிண்ட் என்று இன்னும் இரண்டு சொற்கள் வரும். டார்க் என்பது ஷாஃப்ட் எவ்வளவு முறுகும் என்பது, டிகிரியில் சொல்வார்கள். 3 என்றால் இறுக்கம், 5க்கு மேல் என்றால் தளர்வு, லேசான ஷாஃப்ட்களில் தானாகவே கூடுதலாக இருக்கும். கிக் பாயிண்ட் என்பது ஷாஃப்ட் அதிகம் வளைகிற இடம், அது கீழே இருந்தால் பந்து உயரப் போகும், மேலே இருந்தால் தாழும் என்பார்கள், நடைமுறையில் சிறிய வித்தியாசம்தான். ஷாஃப்டின் முனைப்பகுதி விறைப்பா மென்மையா என்பதைத்தான் வென்டஸில் சிவப்பு, நீலம், கறுப்பு என்றும் மிட்சுபிஷியின் டென்சே ஷாஃப்டில் நீலம், ஆரஞ்சு, வெள்ளை என்றும் நிறத்தால் குறிக்கிறார்கள். எடையும் ஃபிளெக்ஸும் முடிவான பிறகு, பந்து அளவுக்கு மீறி உயரப் போகிறதா தாழப் போகிறதா என்று பார்த்து இதற்கு வரலாம்.

அடித்துப் பார்ப்பது எப்படி

ஒரே தலை, ஒரே லாஃப்ட், ஒரே பந்து. ஷாஃப்டை மட்டும் மாற்ற வேண்டும். இதில் தவறினால் சோதனையே வீண். புது தலையில் புது ஷாஃப்ட் போட்டு பத்து யார்டு கூடிவிட்டது என்றால் எது கூட்டியது என்று யாருக்கும் தெரியாது. நன்றாக வார்ம்அப் செய்துவிட்டு, முதலில் ஒரே ஃபிளெக்ஸில் எடை வேறான மூன்று ஷாஃப்ட்கள், உதாரணமாக 50, 60, 70. ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு பந்து அடித்துவிட்டு அடுத்ததற்கு மாறுங்கள், பிறகு மறுபடி முதலுக்கு வாருங்கள். ஒன்றிலேயே பதினைந்து அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் கடைசி ஷாஃப்ட் களைத்த உடம்பில் மாட்டிக்கொள்ளும்.

ஃபேஸில் பந்து எங்கே படுகிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். பாதத்துக்குப் போடுகிற பவுடர் ஸ்பிரேயை ஃபேஸில் அடிக்கலாம், அல்லது வெள்ளைப் பலகையில் எழுதுகிற மார்க்கரால் பந்தில் ஒரு புள்ளி வைத்து அந்தப் பக்கம் ஃபேஸைப் பார்க்க வைத்து அடித்தால் தடம் பதியும். புள்ளிகள் நெருக்கமாக விழுகிற எடைதான் உங்கள் எடை. திரையில் ஒரே ஒரு 250 யார்டு அடியைக் காட்டி அசத்துவார்கள், அதைப் பார்க்காதீர்கள். மோசமான அடிகளை அழித்துவிட்டுச் சராசரி காட்டுகிற இடங்களும் உண்டு, அழிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாறை மேலும் தண்ணீரிலும் விழப் போவது அந்த அடிகள்தான். எண்களில் பார்க்க வேண்டியது பந்தின் வேகம், லாஞ்ச் கோணம், ஸ்பின், அப்புறம் இடது வலது சிதறல். பந்தின் வேகத்தை ஸ்விங் வேகத்தால் வகுத்தால் டிரைவரில் உச்சம் சுமார் 1.50. 1.40க்குக் கீழேயே சுற்றிக்கொண்டிருந்தால் நடுவில் படவில்லை என்று அர்த்தம், ஷாஃப்ட் எடையையோ நீளத்தையோ மாற்றிப் பாருங்கள். தேய்ந்த ரேஞ்ச் பந்தில் வருகிற ஸ்பின் எண்ணை நம்பி எதுவும் வாங்காதீர்கள்.

எடை முடிவானதும் அதே எடையில் ஃபிளெக்ஸ் மட்டும் வேறான இரண்டை எடுத்து இதையே திரும்பச் செய்யுங்கள். எண்கள் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் மென்மையானதை எடுங்கள் என்பது என் கட்சி. சோர்ந்த நாளில், குளிர்ந்த காலையில், பதினாறாவது ஹோலில் அதுதான் கைகொடுக்கும்.

நீளம் இதோடு சேர்ந்த விஷயம். விதிப்படி டிரைவர் 48 அங்குலம் வரை இருக்கலாம், 2022இலிருந்து தொழில்முறைப் போட்டிகள் 46 அங்குலத்தோடு நிறுத்த ஒரு உள்ளூர் விதி இடம் கொடுக்கிறது. 2021இல் ஃபில் மிக்கல்சன் ஐம்பது வயதில் பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்றபோது வைத்திருந்தது ஏறக்குறைய 48 அங்குல டிரைவர். ஆனால் அவர் திறமை வேறு. டூர் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோரே 45ஐ ஒட்டித்தான் ஆடுகிறார்கள், நமக்குக் கடையில் 45.75 விற்கிறார்கள். அரை அங்குலம் கீழே பிடித்து ஒரு சுற்று ஆடிப் பாருங்கள், நிறைய பேருக்கு ஃபேர்வே கூடும். அது ஒத்துவந்தால் வெட்டிவிடலாம், ஆனால் அரை அங்குலம் வெட்டினால் ஸ்விங் வெயிட், அதாவது சுழற்றும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்கிற அளவு, சுமார் மூன்று புள்ளி குறையும், டி3 என்பது டி0 ஆகும், தலை காணாமல் போனதுபோல் தெரியும். தலையில் இரண்டு கிராம் சேர்த்தால் ஒரு புள்ளி திரும்பக் கிடைக்கும் என்ற கணக்கில் ஈய டேப் ஒட்டியோ திருகு எடையை மாற்றியோ சரிசெய்யலாம். கிரிப் பக்கம்தான் வெட்ட வேண்டும். முனைப் பக்கம் வெட்டினால் ஷாஃப்ட் விறைத்துவிடும், ஒட்ட வைக்க முடியாது.

ஸ்லைஸுக்காக, அதாவது வலது கைக்காரருக்குப் பந்து வலப்பக்கம் வளைந்து போவதை நிறுத்துவதற்காக, ஷாஃப்ட் தேடுகிறவர்களுக்கு ஒன்று. ஸ்லைஸ் வருவது கிளப் போகிற பாதைக்கு ஃபேஸ் திறந்திருப்பதால், அல்லது ஹீலில் படுவதால். எடை சரியானால் ஹீலில் படுவது குறையலாம், அந்த அளவுக்கு உதவும். இருபது யார்டு வளைவை எந்த ஷாஃப்டும் நேராக்காது.

வாங்கும்போது

டிரைவரோடு வருகிற ஷாஃப்டில் பிரபலமான பெயர் இருக்கிறது என்பதற்காக அது தனியாக விற்கிற ஷாஃப்ட்தான் என்று நினைக்காதீர்கள். அதே நிறம், அதே பெயர், உள்ளே வேறு கட்டமைப்பு என்று கிளப் நிறுவனங்களுக்காகவே தயாரிக்கிற வகை உண்டு. வென்டஸில் வெலோகோர் என்ற சொல் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அந்த வகை மட்டம் என்று சொல்லவில்லை, பலருக்கு அதுவே நன்றாக ஒத்துவரும். ஆனால் அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்கிறீர்கள் என்றால் எதை வாங்குகிறீர்கள் என்று தெரிந்து வாங்குங்கள். சந்தேகப்படும்படி மலிவாக இணையத்தில் வருகிற விலையுயர்ந்த ஷாஃப்ட்களில் போலி நிறைய.

பழைய ஷாஃப்ட் வாங்கினால் மூன்று கேள்வி கேளுங்கள்: இப்போது நீளம் என்ன, முனை வெட்டப்பட்டிருக்கிறதா, ஷாஃப்டைத் தலையோடு இணைக்கிற அடாப்டர் எந்த நிறுவனத்துடையது. ஒரு நிறுவனத்தின் அடாப்டர் இன்னொன்றின் தலையில் போகாது, கழற்றி மாற்ற வேண்டும். மாற்றுவதற்குச் சூடு காட்டி இழுக்கும்போது தெரியாதவர் கையில் கொடுத்தால் கிராஃபைட் நார் எரிந்து முனை பலவீனமாகிவிடும். முன்பு யாரோ அதிகம் வெட்டிய ஷாஃப்டாக இருந்தால் உங்கள் தலையில் 44 அங்குலம்தான் வரும், கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள். கிரிப்பை மாற்றுகிறபோது பழைய கிரிப்பின் எடையையே பார்த்து வாங்குங்கள், ஐந்து கிராம் வித்தியாசம் ஸ்விங் வெயிட்டை ஒரு புள்ளி நகர்த்திவிடும். கடைசியாக, பில்டரிடமிருந்து டிரைவரைத் திரும்ப வாங்கும்போது நீளம், மொத்த எடை, ஸ்விங் வெயிட் மூன்றையும் அவர் முன்னாலேயே அளக்கச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஷாஃப்டை அந்த மூன்று எண்களிலிருந்துதான் தேட வேண்டியிருக்கும்.